எந்தப் பிரிவில் வழக்கு?

அடிபட்டுக் காவல் நிலையம் போய்த் திரும்புகிறவரிடம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கேஸ் போட்டாங்களா?" போட்டாச்சு என்று பதில் வந்துவிட்டால் சொந்தபந்தம் ஓரளவு மூச்சு விடுகிறது. அதற்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. எந்தப் பிரிவில் போட்டார்கள்?

ஒரு குற்றம் பெரியதா சிறியதா என்பதை அடிபட்டவரின் வலி தீர்மானிப்பதில்லை. முதல் தகவல் அறிக்கையில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதும் எண் தீர்மானிக்கிறது. அடித்தவரைக் கைது செய்யலாமா, அல்லது ஸ்டேஷன் ஜாமீனில் அன்று மாலையே அவர் டீக்கடையில் வந்து உட்காரலாமா? விசாரிப்பவர் எஸ்.ஐ.யா, டி.எஸ்.பி.யா? வழக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கா, சிறப்பு நீதிமன்றத்துக்கா? அரசு நிவாரணம் உண்டா, இல்லையா? அத்தனைக்கும் பதில் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறது. வழக்கறிஞர்களுக்கு இது அரிச்சுவடி. காலனியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் இதை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எண்கள் மாறியதைச் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. நம் ஊர்க் களவுக்கும் கொலைக்கும் வாயில் நுழையாத இந்தப் பெயர்கள் எதற்கு என்று வேறொரு நாள் கேட்போம். கொலைக்கு 302 என்றிருந்தது இப்போது 103. கொலை முயற்சி 307 இப்போது 109. சாதாரணக் காயம் 323 இப்போது 115(2). ஜூலை 1க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய எண்தான், எத்தனை ஆண்டு கழித்து வழக்கு நடந்தாலும்.

நடைமுறைச் சட்டத்தின் கடைசியில் முதல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே, தண்டனை எவ்வளவு, போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, ஜாமீன் உரிமையா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்று வரிசையாகப் போட்டிருக்கும். குற்றங்களைத் தரம் பிரிப்பது என்றால் நடைமுறையில் இந்த அட்டவணைதான்.

பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால், போலீஸ் தானாகவே வழக்குப் பதிந்து விசாரிக்கலாம், விசாரிக்கவும் வேண்டும். அத்தகைய குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போடுவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. பிடியாணை தேவைப்படும் குற்றமென்றால் கதை வேறு. புகாரின் சாரத்தை ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லி அனுப்பிவிடலாம். கையால் அடித்த சாதாரணக் காயம், அதாவது 115(2), இந்த இரண்டாவது வகையில் இருக்கிறது. நம் ஆட்களில் பாதிப்பேர் கையில் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வருவதன் ரகசியம் இங்கே தொடங்குகிறது. சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ஒப்புகைச் சீட்டு. அது வழக்கு ஆகாது.

ஜாமீன் விஷயத்தில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டியிருக்கிறது. "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு" என்று செய்திகளில் படிக்கிறோம். படிப்பவர், குற்றவாளி இனி வெளியே வரவே மாட்டான் என்று நம்பிவிடுகிறார். பத்தாம் நாள் அவர் தெருவில் நடப்பதைப் பார்த்ததும் போலீசை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்புகிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஜாமீன் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை, ஸ்டேஷனிலேயே கொடுத்துவிடுவார்கள். மற்ற வகையில் அது நீதிமன்றத்தின் முடிவு. வேறுபாடு அவ்வளவுதான். அந்த வேறுபாடே நமக்குப் பெரிது. நீதிமன்றம் முடிவு செய்யும் இடத்தில் நாமும் போய் நின்று பேசலாம். ஸ்டேஷன் ஜாமீனில் பேச இடமே இல்லை.

ஒரு கற்பனைச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை என்றாலும் படிப்பவர் பலருக்கு அது தெரிந்த சம்பவமாகவே இருக்கும். பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் புது வண்டியில் ஊர்த்தெரு வழியாகப் போகிறான். கோயில் பக்கத்தில் நான்கு பேர் மறிக்கிறார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டி, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். அவன் இறங்கவில்லை. ஒருவர் இரும்புக் கம்பியால் முகத்தில் அடிக்கிறார். முன்பல் உடைகிறது. "இன்னொரு தரம் இந்தப் பக்கம் வந்தா உசுரோட திரும்ப மாட்ட" என்கிறார்கள். கடை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்று பார்க்கிறார்கள்.

ஸ்டேஷனில் ரைட்டர் பையனின் அப்பாவிடம் சொல்கிறார். "ஏம்ப்பா, படிக்கிற பையன். பெருசாக்காத. சின்னதா ஒரு கேஸ் போட்டு அனுப்பிடுறேன்." போடப்படும் பிரிவுகள்: 296(பி), 115(2), 126(2), 351(2). பொது இடத்தில் ஆபாச வார்த்தை பேசியது, மூன்று மாதம் வரை. சாதாரணக் காயம், ஓராண்டு வரை. வழிமறித்தது, ஒரு மாதம் வரை. மிரட்டியது, இரண்டாண்டு வரை. நான்கும் ஜாமீனில் விடத்தக்கவை. நான்கிலும் சிறைக்குப் பதிலாக அபராதத்தோடு முடித்துவிடவும் சட்டத்தில் இடம் உண்டு. எஃப்.ஐ.ஆரைப் பார்த்தால் நான்கு பிரிவுகள், காகிதம் நிறைய எழுத்து. அப்பாவுக்குத் திருப்தி.

அதே சம்பவத்தைச் சட்டப்படி எழுதினால் என்ன ஆகும்? பல் உடைந்தாலே அது சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம். உயிரைப் பறிக்கக்கூடிய கருவியால் கொடுங்காயம் ஏற்படுத்தினால் 118(2). குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலுக்கு 351(3), ஏழாண்டு வரை. அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பொதுப் பார்வையில் இழிவுபடுத்தியதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்). சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்கு 3(1)(எஸ்). பொதுவழியில் வண்டி ஓட்டக்கூடாது என்று தடுத்ததற்கு 3(1)(இசட்ஏ). சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவது, பொது இடத்தில் செருப்பு அணிவது, புது உடுப்பு உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது, இவற்றைத் தடுப்பதெல்லாம் அந்தப் பிரிவில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று தெரிந்தே, பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தைச் செய்தால் 3(2)(வி) வந்து சேர்கிறது. அதற்குத் தண்டனை ஆயுள் சிறை.

பையன் அதே பையன்தான். உடைந்த பல்லும் அதேதான். ஒரு எழுத்தில் அதிகபட்சம் இரண்டாண்டு, இன்னொரு எழுத்தில் ஆயுள். இந்த இடைவெளியில்தான் நம் வழக்குகள் விழுந்து சாகின்றன.

இந்த இடைவெளி எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் எல்லாப் பழியையும் ரைட்டர் தலையில் போட முடியாது. புகார் மனுவிலேயே பாதி தொலைந்துபோகிறது. நம் பெண்கள், பெரியவர்கள், சாதி சொல்லித் திட்டிய வார்த்தையைத் திரும்ப வாயால் சொல்லக் கூசுகிறார்கள். எழுதிக் கொடுக்கும் படித்த பிள்ளைக்கும் கை வருவதில்லை. "என்னை அசிங்கமாகத் திட்டினார்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிதான் 296(பி) ஆகிறது. அசிங்கமாகத் திட்டுவது ஆபாச வார்த்தைக் குற்றம். சாதியைச் சொல்லித் திட்டுவது வன்கொடுமைக் குற்றம். என்ன வார்த்தை சொன்னார் என்று மனுவில் இல்லாவிட்டால், போலீஸ் நினைத்தாலும் 3(1)(எஸ்) போட முடியாது. போட்டாலும் கோர்ட்டில் நிற்காது. கூச்சம் நமக்கு எதற்கு? சொன்னவர் கூச வேண்டிய வார்த்தை அது. சொன்னது சொன்னபடி, எழுத்துப் பிசகாமல் மனுவில் இருக்க வேண்டும்.

அடுத்தது "பொதுப் பார்வை". 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டிலும் சம்பவம் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாத இடத்தில் பேசியது இதில் வராது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. இந்த ஒரு காரணத்தால் தள்ளுபடியான வழக்குகள் பல. இடம் தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும் பரவாயில்லை. வெளியாள் பார்க்கும்படி, கேட்கும்படி இருந்ததா என்பதே கேள்வி. ஆகவே எங்கே நடந்தது, பக்கத்தில் யார் யார் நின்றார்கள், அவர்கள் காதில் விழுந்ததா என்பதெல்லாம் முதல் மனுவிலேயே வேண்டும். சாட்சி சொல்ல ஊர்க்காரர் வரமாட்டார் என்று நமக்கே தெரியும். இருந்தாலும் பெயரை எழுதி வையுங்கள். வராதது அவர் பொறுப்பு.

காயத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூலி வேலை செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். கொடுங்காயம் என்றால் கை கால் முறிந்தால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைதல், ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேட்கும் திறனோ நிரந்தரமாகப் போதல், முகத்தில் அழியாத விகாரம் என்று சட்டம் எட்டு வகை சொல்கிறது. எட்டாவது வகையைக் கவனியுங்கள். அடிபட்டவர் பதினைந்து நாள் கடும் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயமே. பழைய சட்டத்தில் இது இருபது நாள். புதிய சட்டம் பதினைந்தாகக் குறைத்திருக்கிறது. நாற்று நடவோ செங்கல் சுமக்கவோ பதினைந்து நாள் முடியவில்லை என்றால் அதற்கு ஆதாரம் மருத்துவமனைச் சீட்டுதான். இரண்டாம் நாளே "வீட்டுக்குப் போங்க" என்று சொன்னவுடன் கிளம்பிவந்து, வைத்தியத்தைப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் முடித்துக்கொண்டால் அந்தப் பதினைந்து நாள் எந்தத் தாளிலும் இருக்காது.

அரசு மருத்துவமனையில் முதலில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் டியூட்டி டாக்டர் எழுதுவார். எத்தனை பேர் அடித்தார்கள், எதால் அடித்தார்கள் என்று கேட்பார். மயக்கத்திலும் பயத்திலும் "ரெண்டு பேரு, கையால" என்று சொல்லிவிட்டால், பிறகு மனுவில் நான்கு பேர், கம்பி என்று எழுதியதை எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஏ.ஆரை வைத்தே உடைப்பார். கூடப் போகிறவர் நிதானமாக இருந்து, நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்ல வேண்டும். கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் நிறைவேறி 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைப் பல மடங்கு விரிவாக்கியது. ஒரு பிரிவு இந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டுவிட்டால் பின்னால் வருபவை பல. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை. முன்ஜாமீன் கிடையாது. சிறப்பு நீதிமன்றம். ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கொடுத்து அவர் சொல்வதையும் கேட்டாக வேண்டும். இது வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிவாரணம்: 2016இன் மத்திய விதிகளில் 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை, குற்றத்தின் தன்மைக்கு ஏற்ப. தமிழ்நாடு அரசு பின்னர் தன் பங்குக்கு இதை உயர்த்தியது. 3(1)(ஆர்), 3(1)(எஸ்) போன்றவற்றில் நான்கில் ஒரு பங்கை எஃப்.ஐ.ஆர். போட்ட கட்டத்திலேயே தர வேண்டும். அந்த எஃப்.ஐ.ஆரில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எதுவும் கிடையாது.

"அஞ்சு வருஷத் தண்டனைக் கேஸ், பதினாலு நாள் விசாரிச்சுட்டுத்தான் எஃப்.ஐ.ஆர்." என்று இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பக்கூடும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) அப்படி ஒரு வழி வைத்திருக்கிறது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாள் முதல்கட்ட விசாரணை செய்யலாம். ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பிரிவு சும்மா வந்ததல்ல. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் முதல்கட்ட விசாரணையையும் கைதுக்கு முன் அனுமதியையும் புகுத்தியபோது, ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள். உயிர்களும் போயின. அதன் பிறகே அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏவைச் சேர்த்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சாதிச் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் எஃப்.ஐ.ஆர். என்பதும் சட்டத்தில் இல்லாத நிபந்தனைதான்.

எஃப்.ஐ.ஆரில் சரியான பிரிவு விழுந்துவிட்டாலும் வேலை முடியவில்லை. விசாரணையின்போது பிரிவுகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆல்ட்ரேஷன் ரிப்போர்ட் என்று கோர்ட்டுக்கு ஒரு தாள் போகும். குற்றப்பத்திரிகையில் மாறலாம். குற்றச்சாட்டு வனையும்போது நீதிபதி மாற்றலாம். கடைசித் தீர்ப்பிலும் கழன்று விழலாம். 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தின் நான்கு பேரை ஒரு கும்பல் கொன்றது. 2008இல் விசாரணை நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனையும் இருவருக்கு ஆயுளும் விதித்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்றது. 2010இல் உயர் நீதிமன்றம் மரண தண்டனைகளை இருபத்தைந்து ஆண்டுச் சிறையாக மாற்றியபோதும், நடந்தது பழிவாங்கல், சாதி அல்ல என்ற நிலையே நீடித்தது. கொலை நிரூபணமானது, சாதி நிரூபணமாகவில்லை. அப்போதைய சட்டத்தில், பட்டியல் சாதியினர் என்ற காரணத்தால் செய்த குற்றம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 திருத்தத்துக்குப் பின் சாதி தெரிந்திருந்தால் போதும். குற்றவாளிக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ முன்பே தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஒரே ஊர்க்காரருக்கு ஒருவர் சாதி மற்றவருக்குத் தெரியாதா என்ன!

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் இன்னொரு பாடம். குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் வெளியே தெரிந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.யின் குற்றப்பத்திரிகை அதே ஊரின் மூன்று தலித் இளைஞர்கள் மீதே குற்றம் சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் இந்தச் சட்டம் பாயாது. ஆகவே வழக்கு அடுத்த மாதமே சிறப்பு நீதிமன்றத்திலிருந்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறியது. ஒரு பிரிவு கழன்றதும் வழக்கே வேறு கட்டடத்துக்குக் குடிபோய்விட்டது.

மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. நம் தரப்பில் புகார் கொடுத்த மறுநாளே எதிர்த்தரப்பில் ஒரு புகார் வரும். அதிலும் எஃப்.ஐ.ஆர். விழும். அதில் உங்கள் பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். காவலர் தேர்வு போன்ற அரசு வேலைகளில் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்த எண் முன்னால் வந்து நிற்கும். காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத இடம் இருக்கிறது. ஸ்டேஷனில் "ரெண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கலாம்" என்று ராஜி பேசும்போது இந்தப் பயத்தைத்தான் துருப்புச் சீட்டாக வைக்கிறார்கள். சாதாரணக் காயம் போன்ற வழக்குகளைச் சம்பந்தப்பட்டவர்கள் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அபூர்வமாக உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சமரசத்தை ஏற்று ரத்து செய்ததுண்டு. இன்ஸ்பெக்டருக்கு அந்த அதிகாரம் இல்லை. ராஜிக்கு வசதியாகவே லேசான பிரிவு போடப்படுகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 115(2) மட்டும் போட்டு இழுத்தடித்தால் இன்னொரு லாபமும் அவர்களுக்கு உண்டு. ஓராண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தை ஓராண்டு கடந்துவிட்டால், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லாமல் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கவே முடியாது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எல்லாச் சண்டையும் வன்கொடுமை ஆகாது. வரப்புத் தகராறில் சாதி வரவே இல்லையென்றால் வந்ததாக எழுதச் சொல்லும் நம்மூர் மேதைகள் சிலர் இருக்கிறார்கள். அப்படி எழுதிய ஒரு வழக்கு உடைந்தால், உண்மையான பத்து வழக்குகளை "பொய்க் கேஸ்" என்று சொல்ல அதுவே போதும். கனமான பிரிவு போட்டால் உடனே கைது என்பதும் சரியல்ல. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம் என்பது 2014 முதல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தும் நடைமுறை. கிறித்தவத்துக்கு மாறிய தலித் மக்களுக்கு 1950ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இல்லாததால் இந்தச் சட்டத்தின் காவலே இல்லை. அடிக்கிறவர் மட்டும் மதம் பார்த்து அடிப்பதில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாக, உடனே கேட்டு வாங்குங்கள். பிரிவு எண்களை ஒரு தாளில் குறித்து, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொண்டு போங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச வக்கீல் உண்டு. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதிமன்றத்தில் மனுப் போட வழி இருக்கிறது. வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566. விடுபட்ட பிரிவைச் சேர்க்கச் சொல்லி விசாரணை அதிகாரியான டி.எஸ்.பி.க்கு எழுதிக் கொடுக்கலாம். வாயால் கேட்டதற்கு எந்தத் தடயமும் இருக்காது.

இந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத பொது ஊழியர் கடமை தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. அந்தக் கடமைகளில் ஒன்று, புகாரை இச்சட்டத்தின் பொருத்தமான பிரிவுகளில் பதிவு செய்வது. பிரிவைக் குறைத்து எழுதுவதே குற்றம் என்று இதற்குப் பொருள். ஆனால் இந்தக் குற்றத்தின் தரம் என்ன? மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனை என்பதால் அட்டவணைப்படி பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாதது, ஜாமீனில் விடத்தக்கது. அதற்கும் முன்னதாக நிர்வாக விசாரணை நடந்து பரிந்துரை வர வேண்டும். சாதி சொல்லித் திட்டியவருக்கு ஐந்தாண்டு வரை. திட்டியதை மறைத்து எழுதியவருக்கு ஓராண்டு வரை, அதுவும் மேலதிகாரி மனம் வைத்தால்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. எத்தனை வழக்கு, எவ்வளவு நிவாரணம் என்ற கணக்கு அங்கே படிக்கப்படுகிறது. பட்டியல் சாதியினர் கொடுத்த புகார்களில் எத்தனை வெறும் சி.எஸ்.ஆரோடு முடிந்தன, எத்தனை 296(பி), 115(2) என்று மட்டும் பதிவாயின, எத்தனை வழக்குகளில் வன்கொடுமைப் பிரிவு பிறகு நீக்கப்பட்டது, நீக்கச் சொன்ன அதிகாரி யார் என்ற கணக்கையும் காவல் நிலையம் வாரியாக அடுத்த கூட்டத்தில் ஆட்சியர் கேட்டு வாங்க வேண்டும். குழுவின் உறுப்பினர்கள் அதை எழுத்து மூலமாக இப்போதே கேட்டு வைக்கட்டும்.